கட்டுமரமும் கிடாரும்... காட்டுப்பள்ளிக்கு ஒரு ட்ரிப்!

ஒரு குட்டி க்விஸ் பாஸ்! இங்கிலீஷ் டிக்‌ஷனரிக்குள்ள டிக்கெட் எடுக்காம ஏறி உட்கார்ந்துகிட்ட தமிழ் வார்த்தைகள் எத்தனை தெரியும்? சுருட்டு 'செரூட்' ஆச்சு. மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' ஆச்சு. கட்டுமரம்..? 'கேட்டமரான்' ஆச்சு! சோழமண்டலக் கரையில இந்த மிதவைக்கு இப்படி ஒரு பேருன்னு வில்லியம் டாம்பியர்ங்கிற இங்கிலீஷ்காரர் 1697-லயே தன் பயணப் புத்தகத்துல எழுதிட்டார். அதுக்கப்புறம் அந்தப் பேரு ஏழு கடலையும் சுத்தி வந்தாச்சு. இன்னிக்கு ஏதோ ஒரு நாட்டுக் கோடீஸ்வரர் ஷாம்பெயின் உடைச்சுத் தண்ணியில இறக்குற சொகுசுப் படகுக்கும் நம்ம பேருதான்.

அந்தப் பேரு புழங்குற கரை ஒண்ணு சென்ட்ரல்ல இருந்து லோக்கல் ட்ரெயின் தூரத்துலயே இருக்கு. காட்டுப்பள்ளி! இந்த வாரம் உங்களை அங்கதான் கூட்டிட்டுப் போறேன். துணைக்கு இன்னொருத்தரும் வர்றார். பேரு எடி ஐகாவ். ஹவாய்க்காரர். சர்ஃபர், கிடார் வாசிக்கிறவர், கடற்கரையில உயிர் காக்குற லைஃப் கார்டு... மூணும் ஒரே ஆள். 1978-ல் இறந்துட்டார். 'கேட்டமரான்' வகைன்னு உலகம் சொல்ற ஒரு படகுலதான் கடைசியா கிளம்பிப் போனார். அவர் கதையைத் தெரிஞ்சுகிட்டு காட்டுப்பள்ளியில போய் நின்னா, நம்ம கடல் கொஞ்சம் வேற மாதிரி தெரியும். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

கும்மிடிப்பூண்டி லோக்கல்

கும்மிடிப்பூண்டி போற லோக்கல்ல ஏறி ஜன்னலோரமா உட்காருங்க. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர்னு ஸ்டேஷன் பேரு ஒவ்வொண்ணா நகரும்போதே வாசனையும் மாறிட்டு வரும். முதல்ல டீக்கடை, அப்புறம் கெமிக்கல், அப்புறம் மீன், கடைசியா நிலக்கரித் தூசி. எண்ணூர் தாண்டி ட்ரெயின் பாலத்துல ஏறினதும் ரெண்டு பக்கமும் விரியுறதுதான் கொசஸ்தலை ஆத்தோட கழிமுகம். நெஞ்சளவு தண்ணியில நின்னு இறால் பிடிக்கிறவங்க, அவங்களுக்குப் பின்னாடி வானத்தைத் தொடுற புகைபோக்கிங்க. ஒரே ஃப்ரேம்ல ரெண்டும் விழும்.

அத்திப்பட்டு புதுநகர்ல இறங்கி கிழக்கே போகணும். ஷேர் ஆட்டோ, பஸ், பைக்... எது கிடைச்சாலும் சரி. வழி நெடுக கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கும். அதுக்கு நடுவுல பனை, சீமைக்கருவேலம், உப்புத் தண்ணி தேங்கின பள்ளம். வட சென்னை அனல்மின் நிலையத்தைத் தாண்டினா காட்டுப்பள்ளி.

மேப்பைத் திறந்து பார்த்தீங்கன்னா புரியும், இது ஒரு மெல்லிசான மணல் பட்டை. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிமுகத் தண்ணியும். வடக்கே பழவேற்காடு ஏரி வரைக்கும் நீளுது. இந்தியாவுல சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. புயல், பேரலைன்னா இந்த மணல் பட்டைதான் முதல்ல வாங்கிக்கும். பின்னாடி இருக்கிற ஊர்களுக்கு இது ஒரு சுவர் மாதிரி.

அந்தச் சுவர் மேலதான் இப்போ எல்லாமே உட்கார்ந்திருக்கு. 2001-ல் எண்ணூர் துறைமுகம் இயங்க ஆரம்பிச்சது (2014-ல இருந்து அதுக்கு காமராஜர் துறைமுகம்னு பேரு). 2010-ல் கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற ஆலை வந்துச்சு. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தர்ற மாதிரி டிசைன் பண்ணினது. 2013 ஜனவரியில் காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018-ல் அது அதானி குழுமத்தோட கைக்குப் போச்சு. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தப்போ, கடலோரமா இருந்த காட்டுப்பள்ளிக் குப்பத்தை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு உடனே பொங்கிட வேண்டாம் மக்களே. உங்க ஹாஸ்டல் ரூம்ல ஃபேன் சுத்துற கரன்ட்ல இந்தப் பக்கத்து நிலக்கரிக்கும் பங்கு இருக்கு. ஃபைனல் இயர்ல நாம கோட்டு போட்டுகிட்டு இன்டர்வியூவுக்குப் போறதும் இந்த மாதிரி கம்பெனிங்களுக்குத்தான். இன்ஜினீயரிங் படிக்கிற நான் கிரேனைப் பார்த்தா வாயைப் பிளந்துட்டு நிப்பேன். அதை மறைக்க விரும்பல. ஆனா கிரேனுக்கு அந்தப் பக்கம், மணல்ல கவிழ்த்துக் கிடக்குற படகுங்களையும் பார்க்கணும்ல?

முட்டி போட்டு அலை ஏறுறவங்க

இப்போ கரையில கிடக்குறது முக்காவாசி ஃபைபர் போட். 2004 சுனாமிக்கு அப்புறம் தமிழ்நாட்டுக் கரை முழுக்க அதுதான் ராஜா. கட்டுமரம் கண்ணுல படணும்னா தேடணும். அங்க வலை சரி பண்ணிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயசுல கட்டுமரத்துலதான் கடலுக்குப் போனாராம். "எப்படிங்க ஐயா இவ்ளோ பெரிய அலையைத் தாண்டுவீங்க?"ன்னு கேட்டேன். கையில இருந்த ஊசியைக் கீழ வெச்சுட்டு, அலையை எண்ணிக் காட்ட ஆரம்பிச்சுட்டார். பெரிய அலைங்க கூட்டமா வரும், அதுக்கப்புறம் கடல் கொஞ்சம் மூச்சு விடும், அந்த மூச்சுல போகணும்... அதுதான் அவர் சொன்னதோட சாரம்.

சர்ஃபிங் கோச்சுங்க இதைத்தான் 'செட்'னு சொல்லித் தர்றாங்க. அலைங்க குழுக் குழுவா வரும், நடுவுல இடைவெளி இருக்கும், அதைப் பிடிக்கணும்னு. இங்க அது கிளாஸ் இல்லாமலே தலைமுறை தலைமுறையா வந்திருக்கு!

கட்டுமரத்தோட டிசைனையும் கொஞ்சம் பார்ப்போம். லேசான மரத்தடிங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கயித்தால கட்டினா முடிஞ்சது. ஆணி கிடையாது. அலை மேல ஏறினா தண்ணி மரங்களோட இடுக்குல வடிஞ்சு போயிடும். தண்ணி நிரம்பி முழுகுறதுக்கு அதுல 'உள்ளே'ன்னு ஒண்ணு இருந்தாத்தானே? கரைக்கு வந்ததும் கயித்தை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியா காயப் போடலாம். அசெம்பிளி, டிஸ்அசெம்பிளி, மெயின்டனன்ஸ் மூணும் ஒரே கயிறுல! முட்டி போட்டு உட்கார்ந்து துடுப்புப் போட்டு அலையைத் தாண்டணும். திரும்பி வரும்போது பின்னாடி எழும்புற அலை மேல ஏறி, அது தள்ளுற வேகத்துலயே மணலுக்கு வந்து சேரணும். இதுக்கு சர்ஃபிங்னு பேர் வெச்சு நம்ம ஊர்ல யாரும் மெடல் கொடுக்கல... அவ்ளோதான் வித்தியாசம்.

சென்னைக்குத் துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பலெல்லாம் நடுக்கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். கரையில அடிக்கிற அலையைத் தாண்டி அவங்க படகு வர முடியாது. கப்பலுக்கு லெட்டர் கொண்டு போனது யாரு? கட்டுமரக்காரங்க! தண்ணி புகாத தொப்பிக்குள்ள காகிதத்தை வெச்சுகிட்டு அலைக்குள்ள பாய்வாங்களாம். அந்தக் காலத்து ஈமெயில்!

யார் இந்த எடி?

சரி, நம்ம ட்ரிப் பார்ட்னருக்கு வருவோம். எடி ஐகாவ் பிறந்தது 1946-ல், ஹவாயோட மாவி தீவுல. 1959-ல் குடும்பம் ஒவாஹு தீவுக்கு வந்துச்சு. பெரிய பங்களா எல்லாம் இல்ல. ஒரு சீனக் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கிற வேலை, அங்கயே வீடு. எடி ஸ்கூலைப் பாதியில விட்டுட்டார். அன்னாசிப்பழம் டப்பாவில அடைக்கிற ஃபேக்டரியில வேலை பார்த்து, சர்ஃப் போர்டு வாங்கினார்.

1967 நவம்பர்ல, வைமியா விரிகுடாவுல ராட்சஸ அலைங்க எழும்பின ஒரு நாள் அவர் இறங்கினார். அந்த ஒரு நாள்ல அவர் பேரு ஊர் முழுக்கப் பரவிடுச்சு. அடுத்த வருஷமே ஹொனலுலு நகர நிர்வாகம் வடகரைக்கு அவரை லைஃப் கார்டா போட்டது. அவர் காப்பாத்தினவங்க எண்ணிக்கை 500-க்கு மேலன்னு சொல்றாங்க. அவர் டூட்டியில இருந்தப்போ வைமியாவில ஒரு உயிர்கூடப் போகலன்னு இன்னிக்கும் அந்த ஊர்ல பெருமையாப் பேசுவாங்க. 1977-ல் டியூக் கஹானமோகு பேர்ல நடந்த பெரிய சர்ஃபிங் போட்டியில ஜெயிச்சார். ஆனா கப்பை விட, மத்தவங்க இறங்கப் பயப்படுற அலையில யாரோ ஒருத்தரைக் காப்பாத்தப் போனவர்ங்கிறதுதான் அவர் அடையாளம்.

சாயங்காலம் ஆனா கிடார். ஹவாயில 'ஸ்லாக் கீ'ன்னு ஒரு வாசிப்பு முறை இருக்கு. 1830-கள்ல மாடு மேய்க்கக் கத்துக்கொடுக்க வந்த மெக்ஸிகோக்காரங்க கூடவே கிடாரையும் கொண்டு வந்தாங்க. ஹவாய்க்காரங்க அதோட தந்திங்களைத் தங்கள் காதுக்குப் பிடிச்ச மாதிரி தளர்த்திக்கிட்டாங்க. எப்படித் தளர்த்துறதுன்னு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரகசியம், நம்ம வீட்டு மீன்குழம்பு மசாலா மாதிரி! அந்த வாசிப்பு எடிக்கு உயிர். கல்லறைத் தோட்டத்து வீட்ல விருந்து நடந்தா, விடிய விடியப் பாட்டுதான்.

தொலைச்சுட்டுத் தேடினவங்க

இப்போ கதையோட முக்கியமான இடம். பசிபிக் தீவுகளோட மூதாதைகள் திசைகாட்டி இல்லாம, நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் தாண்டினவங்க. ஆனா ஹவாயில அந்த வித்தை காலப்போக்குல அழிஞ்சே போச்சு. 1970-கள்ல, 'நம்ம தாத்தாக்கள் நிஜமாவே அப்படிப் போனாங்கன்னு நிரூபிப்போம்'னு கிளம்பினாங்க. ரெண்டு உடல் சேர்த்துக் கட்டின பழைய பாணிப் படகு ஒண்ணைச் செஞ்சாங்க. (நம்ம கட்டுமரத்துக்கு ரெண்டு உடல் கிடையாது. பேர் மட்டும்தான் அங்க ஒட்டிக்கிச்சு.) படகுக்கு 'ஹொகுலேயா'ன்னு பேர் வெச்சாங்க. அது ஒரு நட்சத்திரத்தோட பேரு. நம்ம பஞ்சாங்கத்துல அதே நட்சத்திரத்துக்கு என்ன பேர் தெரியுமா? சுவாதி!

படகு ரெடி. ஓட்டத்தான் ஆள் இல்ல! நட்சத்திரம் பார்த்து வழி சொல்லத் தெரிஞ்ச ஒரு ஆள்கூட ஹவாயில மிஞ்சல. கடைசியில மைக்ரோனேசியாவுல இருக்கிற சதவால்ங்கிற குட்டித் தீவுல இருந்து மாவ் பியாய்லுக்ங்கிற மாலுமியைக் கூட்டிட்டு வந்தாங்க. 1976-ல் அவர் வழி சொல்ல, படகு தஹிதி போய்ச் சேர்ந்துச்சு. சொந்தத் தாத்தாவோட அறிவை வேத்து ஊர்க்காரர்கிட்ட கடன் வாங்க வேண்டி வந்துச்சு பாருங்க... இந்த வரியை மட்டும் மனசுல ஓரமா வெச்சுக்குங்க. காட்டுப்பள்ளிக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

1978-ல் ரெண்டாவது பயணம். 16 பேர் குழுவுல எடியும் ஒருத்தர். கிளம்புறதுக்கு முன்னாடி, அந்தப் படகைப் பத்தித் தானே எழுதின பாட்டை கிடாரோட பாடினார். மார்ச் 16 சாயங்காலம் மோசமான வானிலையில படகு கிளம்புச்சு. அன்னிக்கு ராத்திரியே நடுக்கடல்ல கவிழ்ந்துடுச்சு. கவிழ்ந்த படகைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க மிதந்தாங்க. விடிஞ்சதும் எடி, "நான் போர்டுல போய் உதவி கூட்டிட்டு வர்றேன்"னு கிளம்பினார். எதிர்ல லானாய் தீவு, எவ்வளவோ மைல் தள்ளி. கைவீசித் துழாவ இடைஞ்சலா இருந்ததால லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிட்டுப் போனார்னு கூட இருந்தவங்க சொல்லியிருக்காங்க.

அன்னிக்கு ராத்திரிக்குள்ள மத்த 15 பேரையும் காப்பாத்திட்டாங்க. மேல போன ஒரு விமானத்துக்கு இவங்க விட்ட வெளிச்சம் தெரிஞ்சுடுச்சு. எடியை மட்டும் காணோம். பெரிய தேடுதல் வேட்டை நடந்துச்சு. கிடைக்கவே இல்ல. வயசு 31.

அதோட அவங்க நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. பாதுகாப்பு முறைகளைச் சரி பண்ணிகிட்டு, 1980-ல் நைனோவா தாம்ஸன்ங்கிற ஹவாய் இளைஞரே நட்சத்திரம் பார்த்து தஹிதி வரை ஓட்டிட்டுப் போனார். 2014-ல இருந்து 2017 வரைக்கும் அந்தப் படகு உலகத்தையே சுத்தி வந்துச்சு.

அலை வந்தாத்தான் போட்டி!

எடி நினைவா வைமியாவில ஒரு போட்டி இருக்கு. எப்போ நடக்கும்னு கேட்டா, கடலைத்தான் கேக்கணும். அலையோட முகம் சுமார் 40 அடி எழும்பினாத்தான் போட்டி. இல்லேன்னா அந்த வருஷம் கிடையாது! 1980-கள்ல தொடங்கி இத்தனை வருஷத்துல சுமார் பத்துத் தடவைதான் நடந்திருக்கு. ஆரம்ப காலத்துல ஒரு தடவை, கடல் பயங்கரமா இருக்கே, நடத்தலாமா வேண்டாமான்னு தயங்கி நின்னப்போ ஒரு சர்ஃபர் சொன்னாராம்: "எடியா இருந்தா போயிருப்பார்!" அது அந்த ஊரோட பழமொழியாவே ஆகிடுச்சு. கார்ல ஸ்டிக்கர், டி-ஷர்ட்ல வாசகம்...

2023 ஜனவரியில போட்டி நடந்தப்போ ஜெயிச்சது யாரு தெரியுமா? லூக் ஷெப்பர்ட்ஸன். அன்னிக்கு அந்தக் கடற்கரையில டூட்டியில இருந்த லைஃப் கார்டு! பிரேக் டைம்ல போட்டியில இறங்கி, முடிச்சுட்டு மறுபடி டூட்டிக்குப் போயிட்டார். 2024 டிசம்பர்ல ஜெயிச்ச லாண்டன் மெக்நமாரா? பாட்டு எழுதிப் பாடுற இசைக்காரர்! எடியோட ரெண்டு முகமும் அடுத்தடுத்து வந்து கப்பு வாங்கின மாதிரி இருக்குல்ல?

நினைவுச் சின்னம்னா கல்லு மட்டும் இல்ல பாஸ். அவர் செஞ்ச வேலையை, அவர் செஞ்ச கடல்லயே இன்னொருத்தர் செய்யணும். அதுக்கு அந்தக் கடல் அங்கயே இருக்கணும், அலையும் இருக்கணும்.

நம்ம கரையோட பாட்டு

அப்படியே வங்காள விரிகுடாவுக்குத் திரும்புவோம். நம்ம கடல்காரங்களுக்குக் கிடார் இல்லையேன்னு யோசிக்காதீங்க. கரைவலை இழுக்கும்போது பாடுறதுக்கு அம்பாப் பாட்டுன்னு பேரு. ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. பாட்டோட தாளத்துல எல்லாரோட கையும் ஒரே நொடியில இழுக்கும். இன்ஜினீயரிங் பாஷையில சொன்னா, பத்து விசைங்களையும் ஒரே ஃபேஸ்ல கொண்டு வர்ற டெக்னிக். சுருதி பிசகினா மீன் போச்சு!

மோட்டார் வந்ததும் இழுக்குற வேலையை அது எடுத்துக்கிச்சு. டீசல் சத்தத்துல பாட்டுக்கு இடம் இல்ல. உடம்பு வலி குறைஞ்சது நல்லதுதான், யாரும் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த வேலைக்குன்னு பிறந்த பாட்டு, வேலை போனதும் தொண்டைக்குள்ளயே தங்கிடுச்சு.

வடசென்னைக்குன்னு இன்னொரு சொத்து இருக்கு. கானா! ஒருத்தர் இறந்துட்டா ராத்திரி முழுக்க உட்கார்ந்து, அவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு என்ன செஞ்சார்னு பாடி அனுப்புற மரண கானா இங்க பிறந்ததுதான். ஹவாயில ஒரு சர்ஃபர் இறந்தா, எல்லாரும் போர்டுல கடலுக்குள்ள போய் வட்டமா நின்னு பூ விடுவாங்க. ராயபுரத்துல, காசிமேட்டுல சாவு வீட்டுப் பந்தலுக்குக் கீழ வட்டமா உட்கார்ந்து பாடுவாங்க. வட்டம் ஒண்ணுதான். மீன்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச கானா உலகநாதன் பாட்டு 2006-ல் தமிழ்நாட்டையே ஆட வெச்சது ஞாபகம் இருக்கா? 2018-ல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவை ராக் கிடாரோட மேடை ஏத்திச்சு.

எண்ணூர்க் கழிமுகமே ஒரு பாட்டுல ஹீரோ ஆச்சு. 2017 ஜனவரியில டி.எம்.கிருஷ்ணா, புகைபோக்கிங்களுக்கு முன்னாடி நின்னு 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினார். எழுதினது கபேர் வாசுகி. கர்னாடக ராகத்துல சென்னைத் தமிழ்! நாம திட்டுறதுக்குப் பயன்படுத்துற 'புறம்போக்கு'ங்கிற வார்த்தைக்கு, எல்லாருக்கும் பொதுவான இடம்னு ஒரு அர்த்தம் இருந்ததை அந்தப் பாட்டு ஞாபகப்படுத்துச்சு. அதே மாசம் 28-ம் தேதி, காமராஜர் துறைமுகம் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சு. எர்ணாவூர்க் கரையில அந்தக் கறுப்பை வாளியில அள்ளினவங்கள்ல நம்ம காலேஜ் பசங்களும் இருந்தாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மறுபடி எண்ணெய்... இந்தத் தடவை கழிமுகத்துக்குள்ளயே. படகு, வலை எல்லாம் கறுப்பு.

மணல் நடந்து போற ரூட்

இங்க ஒரு சின்ன சிவில் இன்ஜினீயரிங் கிளாஸ். தூங்கிடாதீங்க, இது எக்ஸாமுக்கு வராது!

நம்ம கரையில அலை நேரா வந்து மோதாது, கொஞ்சம் சாய்வா வரும். அதனால மணல் கரையோரமாவே நகர்ந்துட்டு இருக்கும். தென்மேற்குப் பருவத்துல வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவத்துல தெற்கு நோக்கி. வருஷக் கணக்கு பார்த்தா வடக்கே போறதுதான் அதிகம். 1870-கள்ல சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள கல் சுவர் கட்டினாங்க. வடக்கே நடந்து போயிட்டிருந்த மணல் அந்தச் சுவர்ல தடுக்கித் தெற்குப் பக்கம் குவிஞ்சது. நாம சுண்டல் சாப்பிடுற மெரினாவோட அகலத்துல பெரும்பங்கு அப்படி வந்ததுதான். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரத்து நின்னு போச்சு. கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. வீடு, ரோடு, கோயில்னு உள்ள வந்ததும் கல்லைக் கொட்டித் தடுத்தாங்க. கல்லு கொட்டின கரையில கட்டுமரத்தை எங்க ஏத்துவீங்க? அலை மேல ஏறி வந்தா பாறையிலதான் மோதணும்.

சென்னைக்குத் தெற்கே கதையே வேற. கோவளத்துல மீனவர் மூர்த்தி மேகவன் முன்னெடுத்த சர்ஃப் ஸ்கூல்ல குப்பத்துப் பசங்க போர்டுல பறக்குறாங்க. 2023 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல உலக சர்ஃப் லீக் போட்டியே நடந்துச்சு. கட்டுமரம் ஓட்டினவங்க வீட்டுப் பேரப் பசங்க சர்ஃபிங்ல சாம்பியன் ஆகுறதுல ஆச்சரியமே இல்ல. அலையை எண்ணுற கணக்கு வீட்லயே இருக்கே! அதுக்கு வேண்டிய ஒரே முதலீடு மணல் கரை. தெற்கே அது மிச்சம் இருக்கு.

காட்டுப்பள்ளியில இருந்து வடக்கே, பழவேற்காடு வரைக்கும் இன்னும் மணல் இருக்கு. ஆனா துறைமுகச் சுவர்களுக்கு வடக்கே கரை அரிக்குதுன்னு ஊர்க்காரங்க கவலைப்படுறாங்க. துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிவாக்குற திட்டம் ஒண்ணு தயாராச்சு. அதுல ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலையே தூர்த்து எடுக்கறது. 2021 ஜனவரியிலயும் 2023 செப்டம்பர்லயும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்னு அறிவிச்சு, ரெண்டு தடவையும் தள்ளி வெச்சுட்டாங்க. வேலை வரும்னு சொல்றவங்க இருக்காங்க. கடல் போயிடும்னு சொல்ற மீனவ ஊர்கள் இருக்கு. அறிக்கையில கப்பலுக்கு டன் கணக்கு, ஆழத்துக்கு மீட்டர் கணக்கு எல்லாம் இருக்கும். அலையை எண்ணத் தெரிஞ்ச அந்தப் பெரியவரோட அறிவை எந்தக் காலத்துல, எந்த யூனிட்ல போடுவாங்க?

ஹவாய்க்காரங்க தொலைச்சுட்டுத் தேடினாங்க. தேடிப் போனப்போ ஒரு எடியை இழந்தாங்க. கத்துக்கொடுக்க ஒரு சதவால் தீவு மிச்சம் இருந்துச்சு, தப்பிச்சாங்க. நம்மகிட்ட இன்னும் ஆள் இருக்காங்க, உயிரோட, லோக்கல் ட்ரெயின் தூரத்துல. இப்போ கேட்டு வெச்சுக்கலேன்னா, நாளைக்கு நாம எந்தத் தீவுல போய்க் கேக்குறது?

போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

* தண்ணியில இறங்காதீங்க. சீரியஸா சொல்றேன். சென்னைக் கடல்ல வருஷா வருஷம் மூழ்கிப் போறவங்கள்ல நம்ம வயசுப் பசங்க நிறைய. அலை சின்னதா தெரியுற இடத்துலதான் சில சமயம் தண்ணி கடலுக்குள்ள இழுக்கும். எப்பவாவது மாட்டினா, கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைச்சுடாதீங்க. கரைக்கு இணையா பக்கவாட்டுல நகர்ந்து, இழுப்பை விட்டு வெளிய வந்த பிறகு கரைக்கு வாங்க. நம்மைக் காப்பாத்த இங்க எடி கிடையாது.

* துறைமுகம், மின் நிலையம் பக்கம் கேமராவை நீட்டாதீங்க. செக்யூரிட்டி அண்ணன்களோட டென்ஷனை ஏத்த வேண்டாம்.

* மதிய வெயில் மண்டையைப் பிளக்கும். காலையில சீக்கிரம் போங்க. மீன் ஏலம், வலை உதறுறது எல்லாம் அப்பதான்.

* வாடை, கொண்டல், கச்சான்... இந்தக் காத்துங்க எப்போ, எங்கிருந்து வரும்னு கரையில இருக்கிற பெரியவங்ககிட்ட கேளுங்க. முதல்ல சிரிப்பாங்க. அப்புறம் நிறுத்த மாட்டாங்க.

* மொபைல்ல ரெக்கார்டர் இருக்குல்ல? அனுமதி கேட்டுட்டு, ஒரு அம்பாப் பாட்டைப் பாடச் சொல்லிப் பதிவு பண்ணிட்டு வாங்க. யார் பாடினது, எந்த ஊர், எப்போ பாடுற பாட்டுன்னு மறக்காம குறிச்சு வெச்சு, காலேஜ் லைப்ரரியில ஒரு காப்பி, அவங்க வீட்ல ஒரு காப்பி கொடுத்துடுங்க.

* சித்திரை, வைகாசி ராத்திரியில மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்க. உச்சிக்குப் பக்கத்துல லேசான ஆரஞ்சு நிறத்துல பளிச்சுன்னு ஒண்ணு தெரியும். அதுதான் சுவாதி... ஹொகுலேயா. காட்டுப்பள்ளிக்கும் வைமியாவுக்கும் பொதுவா, இன்னும் யாரும் வேலி போடாத புறம்போக்கு!